அடுத்தவர் ரகசியம் நம் தரவுத்தளத்தில்

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை இணையத்தில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அதில் சேரும் கடைக்காரர் முதல் நாளே 'அமைப்புகள்' பக்கத்துக்குப் போகிறார். பணம் பெறுவதற்கான ரேசர்பே சேவையின் கீயையும் (கணக்கின் அடையாளம்) அதன் சீக்ரெட்டையும் (ரகசிய எழுத்துச்சரம்), பில்லை மின்னஞ்சலில் அனுப்புவதற்கான ஜிமெயில் ஆப் பாஸ்வேர்டையும், வாட்ஸ்அப் செய்தி அனுப்ப அனுமதிச்சீட்டாகப் பயன்படும் டோக்கனையும் அங்கே ஒட்டிவிட்டு 'சேமி' பொத்தானை அழுத்துகிறார். ரேசர்பே தன் சீக்ரெட்டை உருவாக்கும் தருணத்தில் ஒரே ஒரு முறைதான் காட்டும். அதன் பிறகு கணக்கின் உரிமையாளரே கேட்டாலும் காட்டாது, தொலைத்துவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான். உரியவருக்கே இரண்டாம் முறை காட்டப்படாத அந்த எழுத்துச்சரம், நம் தரவுத்தளத்தில் வார்கேர் எனப்படும் சாதாரண உரை நெடுவரிசை ஒன்றில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நேற்றுச் சேர்ந்த ஊழியரும் ஒரு செலக்ட் வினவலில் படித்துவிடும்படி கிடக்கிறது. பல செயலிகள் இந்த நிலையில்தான் பிறக்கின்றன. சில அப்படியே வளர்ந்தும் விடுகின்றன.

இதற்கு அலட்சியம் மட்டுமே காரணமென்று சொல்ல முடியாது. கடவுச்சொல்லை ஒருபோதும் திருப்பி எடுக்கக்கூடிய வடிவில் வைக்காதே, பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2 போன்ற முறையில் ஹாஷ் செய்து, அதாவது மூலத்தை மீட்க முடியாத வேறொரு சரமாக மாற்றி வை என்பது நிரலாளர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. நம் தளத்தில் நுழையும் பயனரின் கடவுச்சொல்லுக்கு அது முழுக்கப் பொருந்தும். அவர் தட்டச்சு செய்ததை மறுபடி ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், மூலச்சொல் நமக்குத் தேவையே இல்லை. ஆனால் ரேசர்பேயிடம் போய் நிற்கும்போது ஹாஷைக் காட்டிப் பயனில்லை, அசல் சீக்ரெட்டையே காட்டியாக வேண்டும். ஹாஷ் உதவாது என்று தெரிந்த இடத்தில் சிலர் வேறு வழியில்லை என்று முடிவுகட்டி, குறியாக்காத வெற்றெழுத்தாகவே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ஒப்புக்கு ஏதோ செய்கிறார்கள். நான் ஒருமுறை திறந்து பார்த்த தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையின் பெயரே 'குறியாக்கப்பட்ட எஸ்எம்டிபி கடவுச்சொல்' என்று பொருள்படும்படி இருந்தது (எஸ்எம்டிபி என்பது மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை). உள்ளே இருந்த மதிப்புகளில் பலவும் இரண்டு சமக்குறிகளில் முடிந்தன. அது பேஸ்64. எந்தச் சாவியும் இல்லாமல் எவரும் ஒரே கட்டளையில் பழைய வடிவுக்குக் கொண்டுவரக்கூடிய எழுத்துமாற்றம் அது. நெடுவரிசையின் பெயரை நம்பி மூன்று தணிக்கைகள் அதைத் தாண்டிப் போயிருந்தன.

எனவே இங்கே தேவைப்படுவது, சாவி இருந்தால் திறக்கக்கூடிய உண்மையான குறியாக்கம். அதையும் தவறாகச் செய்ய முடியும் என்பதற்கு 2013 அக்டோபரில் வெளியான அடோபி நிறுவனக் கசிவு இன்றும் நல்ல பாடம். அங்கே பயனர்களின் கடவுச்சொற்கள் ஹாஷ் செய்யப்படாமல் டிரிபிள் டெஸ் என்ற பழைய குறியாக்க முறையில், ஒரே சாவியால், ஈசிபி என்ற எளிய வகையில் குறியாக்கப்பட்டிருந்தன. ஈசிபியில் ஒரே மூலம் எப்போதும் ஒரே குறியெழுத்தை (பூட்டிய வடிவை) தரும். 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட அந்தக் கோப்பில், ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்த பயனர்கள் அனைவரும் ஒரே குறியெழுத்தோடு கூட்டமாக நின்றார்கள். பக்கத்திலேயே அவரவர் எழுதிய நினைவூட்டல் குறிப்புகள் வெற்றெழுத்தாக இருந்ததால், நூறு பேரின் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தாலே சொல் என்னவென்று ஊகிக்க முடிந்தது. சாவி வெளியே வராமலேயே கடவுச்சொற்கள் வெளியே வந்தன.

இந்தக் கதை நமக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றலாம். ஆனால் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் தரும் ஏஇஎஸ்_என்கிரிப்ட் என்ற உள்ளமைந்த செயற்கூற்றை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே பயன்படுத்தினால், அது இயல்பாக எடுத்துக்கொள்வது ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் 128 பிட் சாவியோடு கூடிய அதே ஈசிபி வகையைத்தான். போதாக்குறைக்கு, சாவியும் வினவலின் ஒரு பகுதியாகவே சர்வருக்குப் போகிறது. அந்த வினவல் பதிவுக்கோப்பில் எழுதப்பட்டால் பூட்டும் சாவியும் ஒரே வரியில் அமர்ந்துவிடும். குறியாக்கம் செயலியின் பக்கம் நடக்க வேண்டும், தரவுத்தளத்துக்குப் போவது பூட்டப்பட்ட பொட்டலமாக மட்டுமே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தப்படுவது இதனால்தான். வட்டு முழுவதையும் குறியாக்கிவிட்டோமே என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. வட்டைக் கழற்றிக்கொண்டு போகும் திருடனிடம் அது செல்லுபடியாகும். உள்ளீட்டுப் பெட்டியில் தன் வினவலைக் கலந்து அனுப்பும் எஸ்க்யூஎல் ஊடுருவல் வழியாக வருபவனுக்கோ தரவுத்தள மென்பொருளே பணிவாகத் திறந்து வாசித்துக் காட்டும்.

இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற வகை. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் 12 பைட் நீளமுள்ள, அதே சாவியோடு மீண்டும் வரவே கூடாத ஓர் எண்ணை அது எடுத்துக்கொள்கிறது. பூட்டிய பொட்டலத்தோடு 16 பைட் முத்திரை ஒன்றையும் சேர்க்கிறது. இடையில் ஒரு பிட் மாறினாலும் முத்திரை ஒத்துப்போகாது, திறக்கும் முயற்சி பிழையில் முடியும். இதில் பலரும் பயன்படுத்தாமல் விடும் வசதி ஒன்று உண்டு. குறியாக்கப்படாத, ஆனால் முத்திரையின் கணக்கில் சேரும் கூடுதல் தரவு ஒன்றையும் பூட்டும்போது தரலாம். அதன் அருமை ஓர் எடுத்துக்காட்டில் புரியும். 41ஆம் எண் கடைக்காரர் நம் செயலியில் உள்ள ஓட்டை வழியாகத் தரவுத்தளத்தில் எழுதும் வாய்ப்பைப் பெற்றுவிட்டார் என்று கொள்வோம். அவரால் 57ஆம் எண் கடையின் சீக்ரெட்டைப் படிக்க முடியாது, அது பூட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பொட்டலத்தை அப்படியே நகலெடுத்துத் தன் வரிசையில் ஒட்டிவிட்டால்? அடுத்த முறை அவருக்காக வேலை செய்யும் நம் செயலி, சரியான சாவியால் அதைச் சரியாகத் திறந்து, 57ஆம் கடையின் கணக்கில் அவர் சொன்ன பணத்திருப்பத்தை நடத்திக் கொடுக்கும். பூட்டும்போதே கடை எண்ணையும் நெடுவரிசைப் பெயரையும் கூடுதல் தரவாகச் சேர்த்திருந்தால், 41ஆம் வரிசையில் கிடக்கும் 57ஆம் கடையின் பொட்டலம் திறக்கவே திறக்காது. நிரலில் இது ஒரு வரி வேலை.

வழிமுறை சரியாக அமைந்த பிறகு மிஞ்சுவது சாவி. ஆயிரம் கடைகளின் ரகசியங்களை 32 பைட் நீளமுள்ள ஒரே ரகசியமாகச் சுருக்கிக் கொடுப்பதுதான் குறியாக்கம் செய்யும் வேலை. அந்த 32 பைட் எங்கே இருக்கிறது என்பதில்தான் இனி எல்லாமே அடங்கியிருக்கிறது. தரவுத்தளம் கசிவது பெரும்பாலும் தனியாகத்தான். தவறான அனுமதியோடு கிளவுடில் கிடக்கும் பேக்கப், சோதனைக்காக ஒரு நிரலாளர் மடிக்கணினியில் இறக்கிவைத்த டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்), மேலே சொன்ன எஸ்க்யூஎல் ஊடுருவல், இவை எல்லாவற்றிலும் வெளியே போவது அட்டவணைகள்தாம். சாவி வேறிடத்தில் இருந்தால் திருடனுக்குக் கிடைப்பது உமி. அதே தரவுத்தளத்தில் செட்டிங்ஸ் அட்டவணையிலேயே சாவியையும் வைத்திருந்தால், வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணை மாடத்தில் வைத்த கதைதான்.

மூலநிரலுக்குள் சாவியை எழுதுவதும் தவறு. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் கிட் களஞ்சியத்தின் வரலாற்றில் அது என்றைக்கும் நிற்கும், நகலெடுத்த ஒவ்வொரு கணினிக்கும் போகும். நிரலுக்கு வெளியே இருந்து அது ஓடும்போது இயங்குதளம் தரும் சூழல் மாறியில் வைப்பது அதைவிட மேல், சிறிய செயலிக்கு அது ஏற்கத்தக்க தொடக்கமும்கூட. ஆனால் சூழல் மாறிகளும் பேசிவிடும் இயல்புடையவை. பிஎச்பி மொழியின் அமைப்புகளைக் கொட்டிக்காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கம், பிழைகாட்டும் பக்கம், செயலிழப்பு அறிக்கை, வலைக்கோப்புறைக்குள் தவறுதலாகத் திறந்து கிடக்கும், அந்த மாறிகள் எழுதப்பட்ட டாட்என்வ் கோப்பு என அவை வெளியேறும் வாசல்கள் பல. லாராவெல் என்ற பிஎச்பி நிரல்கட்டமைப்பைப் பயன்படுத்துவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஆப்_கீ என்ற ஒரே சாவிதான் உலாவியில் வைக்கும் குக்கிகளையும் பூட்டுகிறது, அட்டவணைகளைக் குறிக்கும் நிரல்பகுதிகளில் (மாடல்களில்) 'என்கிரிப்டட்' என்று குறித்த நெடுவரிசைகளையும் பூட்டுகிறது. 2018இல் வெளிப்பட்ட ஒரு குறைபாட்டின்படி, அந்தச் சாவியை அறிந்தவர் பழைய பதிப்புகளில் சர்வரிலேயே தன் நிரலை ஓட்ட முடிந்தது. ஒரே சாவிக்கு இரண்டு வேலை கொடுப்பதன் இன்னொரு தொல்லை, சந்தேகத்தின் பேரில் அதை மாற்ற நினைக்கும் நாளில் தெரியும்: குக்கிக்காக மாற்றினால் சீக்ரெட்டுகள் திறக்காமல் போகும் என்று பயந்து யாரும் மாற்ற மாட்டார்கள். 2024இல் வந்த லாராவெல் 11 பழைய சாவிகளையும் கூட வைத்துக்கொள்ள வழி செய்தது. பைத்தான் மொழியில் மல்டிஃபெர்னெட் என்ற நூலகக்கூறு அதே வேலையைச் செய்கிறது. நாமே எழுதுவதானால், ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் எந்தச் சாவியால் பூட்டியது என்ற எண்ணை முதல் நாளிலிருந்தே எழுதிவைப்பது பின்னால் ஒரு வார இறுதியை மிச்சப்படுத்தும்.

அடுத்த படியில் வருவது சாவியைச் சாவியால் பூட்டுவது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிச் சாவி. அந்தச் சாவிகளை எல்லாம் பூட்டும் தலைச்சாவி, சாவிகளைக் காக்கும் சேவைகளான ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ், கூகுள் கிளவுட் கேஎம்எஸ், அல்லது நாமே நடத்தும் ஹாஷிகார்ப் வால்ட் போன்ற ஒன்றின் உள்ளே. கேஎம்எஸ்ஸில் அந்தத் தலைச்சாவி வெற்று வடிவில் வெளியே வருவதே இல்லை. பூட்டிய சிறுசாவியை அனுப்பினால் திறந்து திருப்பித் தரும், அவ்வளவுதான். இதில் கிடைக்கும் பெரிய ஆதாயம் கணிதத்தில் இல்லை. தலைச்சாவியைத் திருட முடியாதபோது, திருடன் ஒவ்வொன்றையும் திறந்துதரும்படி கேட்டாக வேண்டும். கேட்டால் பதிவாகும். வழக்கமாக மணிக்கு முந்நூறு முறை கேட்கும் செயலி திடீரென்று முப்பதாயிரம் முறை கேட்டால் எச்சரிக்கை மணி அடிக்கச் செய்யலாம், அனுமதியை ஒரே இடத்தில் நிறுத்தலாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. பிறருடைய ரகசியங்களைக் காப்பதையே தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்ட, நிரல்களைத் தானாகச் சோதித்து வெளியிட்டுத் தரும் சர்க்கிள்சிஐ நிறுவனத்தின் அனுபவம் அதைத் தெளிவாகக் காட்டியது. 2022 டிசம்பர் 16 அன்று அதன் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் தீநிரல் புகுந்து, இரட்டைச் சரிபார்ப்பெல்லாம் முடிந்து உயிரோடு இருந்த அமர்வுக் குக்கியை (உள்நுழைந்தவர் என்று காட்டும் அடையாளத்தை) திருடியது. அந்தப் பொறியாளருக்கு உற்பத்திச் சூழலுக்கான டோக்கன்களை உருவாக்கும் அதிகாரம் இருந்ததால், டிசம்பர் 22 அன்று வாடிக்கையாளர்களின் சூழல் மாறிகளும் டோக்கன்களும் சாவிகளும் வெளியே எடுத்துச் செல்லப்பட்டன. 2023 ஜனவரி 4 அன்று நிறுவனம் எல்லா வாடிக்கையாளர்களையும் எல்லா ரகசியங்களையும் மாற்றிக்கொள்ளச் சொன்னது. பின்னர் அது வெளியிட்ட அறிக்கையில் ஒரு வாக்கியம் முக்கியமானது: தரவு குறியாக்கப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் ஊடுருவியவர் ஓடிக்கொண்டிருந்த ஒரு செயல்முறையிலிருந்தே சாவிகளை எடுத்துவிட்டார். எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு நொடியில், நம் செயலி ரகசியத்தை வெற்று வடிவில் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும். அந்த இடத்தை இல்லாமல் செய்ய முடியாது, சிறிதாக்க முடியும்.

சிறிதாக்குவதற்கு எனக்குப் பிடித்த வழி, பூட்டும் உரிமையையும் திறக்கும் உரிமையையும் பிரித்துவிடுவது. இணையத்தை நோக்கி நிற்கும் வலைச்செயலிதான் அதிகம் தாக்கப்படும் பகுதி. அதன் 'அமைப்புகள்' பக்கம் ரகசியத்தை வாங்கி எழுதுகிறதே தவிர, அதைத் திருப்பிப் படிக்க வேண்டிய தேவை அதற்கு எப்போதுமே இல்லை. படிக்க வேண்டியது, பின்னால் காத்திருப்புப் பட்டியலிலிருந்து வேலையை எடுத்து மின்னஞ்சல் அனுப்பும் அல்லது பணத்திருப்பம் செய்யும் பணியாள் செயல்முறை மட்டுமே. ஆகவே வலைச்செயலிக்குக் கேஎம்எஸ்ஸில் பூட்டும் அனுமதி மட்டும் தரலாம். கேஎம்எஸ் இல்லையென்றால் லிப்சோடியம் என்ற குறியாக்க நூலகத்தின் சீல்டு பாக்ஸ் போதும்: வலைச்செயலியிடம் பூட்ட மட்டுமே உதவும் பொதுச்சாவி, பணியாளிடம் திறக்கும் தனிச்சாவி. பிஎச்பி 7.2 முதல் இந்த நூலகம் மொழியோடேயே வருகிறது. கோயில் உண்டியல் போல, போடுவது யார் கையாலும் ஆகும், திறப்பது திறவுகோல் வைத்திருப்பவர் வந்தால்தான்.

இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டதும் இன்னொரு பிழை தானாகவே ஒழிந்துபோகும். அமைப்புகள் பக்கத்தை மீண்டும் திறக்கும்போது, ஏற்கெனவே சேமித்த கடவுச்சொல்லைப் படிவத்திலேயே நிரப்பித் தரும் வழக்கம் பல செயலிகளில் இருக்கிறது. திரையில் கரும்புள்ளிகள்தான் தெரியும். பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் அசல் எழுத்துகள் அப்படியே இருக்கும். கடையில் அரைமணி நேரம் கணினியில் உட்கார்ந்த பகுதிநேர ஊழியருக்கும் அது கிடைக்கும். கடைசி நான்கு எழுத்துகளைத் தனி நெடுவரிசையில் வைத்துக் காட்டினால் கடைக்காரருக்கு அடையாளம் தெரியும். மாற்ற விரும்பினால் புதிதாக ஒட்டட்டும், பழையதைப் பார்க்க வேண்டியதில்லை.

எதைப் பூட்டி வைக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பில் அனுப்புவதற்காக வாங்கிய ஜிமெயில் ஆப் பாஸ்வேர்டு, அஞ்சல் படிக்கும் நெறிமுறையான ஐமேப் வழியாக அந்த அஞ்சல்பெட்டி முழுவதையும் படிக்கவும் செய்யும். வங்கி அனுப்பும் மடல்களும் மற்றத் தளங்களின் கடவுச்சொல் மீட்பு இணைப்புகளும் அதில்தான் வந்து விழுகின்றன. அதே வேலையை, கடவுச்சொல் தராமல் அனுமதி மட்டும் தரும் ஓஆத் முறை வழியாக, அனுப்புவதற்கு மட்டுமான அனுமதியோடு பெற்றிருந்தால், கசிந்தாலும் அந்த டோக்கனால் ஒரு மடலைக்கூடப் படிக்க முடியாது. ஸ்ட்ரைப் போன்ற பணம் பெறும் சேவைகள் இன்னின்னதற்கு மட்டும் என்று வரையறுத்த கீகளையும் தருகின்றன. நம் ஊர்க் கணக்கர் அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் வருமான வரி, ஜிஎஸ்டி தளக் கடவுச்சொற்கள் எக்செல் கோப்பிலோ அதற்கென வாங்கிய மென்பொருளிலோ இருப்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த மென்பொருளை எழுதுபவர்கள் பூட்டின் தரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், வரிசெலுத்துபவரின் கைபேசிக்கு ஓடிபி போய்க் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறக்கும் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழி இருக்கும்போது கடவுச்சொல்லை வாங்கிவைக்க வேண்டுமா என்று யோசிக்கலாம்.

டோக்கன் என்பதாலேயே பத்திரம் என்றும் ஆகிவிடாது. 2013 அக்டோபரில் சமூக ஊடகப் பதிவுகளை நேரங்குறித்து வெளியிடும் பஃபர் சேவை தாக்கப்பட்டபோது, அதன் டோக்கன்கள் குறியாக்கமின்றி இருந்தன. தரவுத்தளத்தை நடத்திய மோங்கோஎச்க்யூ நிறுவனத்தின் ஊழியர் கணக்கு ஒன்றின் வழியாக நுழைந்தவர்கள் பயனர்களின் பக்கங்களில் குப்பைப் பதிவுகளைப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற இணைய உரையாடல் சேவையிடமிருந்து திருடப்பட்ட ஓஆத் டோக்கன்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் மேலாண்மைச் சேவையில் வைத்திருந்த தரவு இறக்கப்பட்டது. அங்கே திருடர்கள் எதைத் தேடினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது: வாடிக்கையாளர் உதவிக் கோரிக்கைகளின் உரைக்குள் ஒட்டப்பட்டிருந்த கீகளையும் கடவுச்சொற்களையும். பாதிக்கப்பட்ட கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், அந்தத் தரவுக்குள் தன் சொந்த ஏபிஐ டோக்கன்கள் 104ஐக் கண்டெடுத்து மாற்றியது. அமைப்புகள் பக்கத்தின் நெடுவரிசையை எவ்வளவு பத்திரமாகப் பூட்டினாலும், 'வேலை செய்யவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்' என்று கடைக்காரர் அதே சீக்ரெட்டை உதவிப் பெட்டியில் ஒட்டும்போது அது வெற்றெழுத்தாக இன்னொரு அட்டவணையில் உட்கார்ந்துவிடுகிறது. பிழை வரும்போது கோரிக்கையை முழுவதுமாக எழுதிவைக்கும் பதிவுக்கோப்பும் அப்படித்தான்.

சட்டம் இதில் சுருக்கமாகவே வருகிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறி கசிவு நேர்ந்தால் ₹250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆறு மணி நேரம் என்பது, யாருடைய எந்த டோக்கன் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருப்பவர்களுக்கே போதாத அவகாசம்.

கடைசியாக, கடைக்காரர் கணக்கை மூடிக்கொண்டு போகும் நாள். நாம் அவருடைய வரிசையை அழிக்கிறோம், அட்டவணை சுத்தமாகிறது. ஆனால் நேற்று இரவு எடுத்த பேக்கப்பில் அந்த டோக்கன் இருக்கிறது, முப்பது நாள் பேக்கப் வைத்திருந்தால் முப்பது பிரதிகளில் இருக்கிறது. வெளிச் சேவையைப் பொறுத்தவரை அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. டோக்கனைச் செல்லாததாக்கும் வழியை 2013இலேயே ஒரு தனி இணையத் தரம் வகுத்திருக்கிறது, பெரிய சேவைகள் பலவும் அதற்கான முகவரியைத் தருகின்றன. ஆனால் அந்த முகவரிக்கு அனுப்ப அசல் டோக்கன் வேண்டும்; வரிசையை முதலில் அழித்துவிட்டால் நம்மிடம் அது இருக்காது. எனவே அழிக்கும் பணியின் ஒழுங்கு இப்படி அமைய வேண்டும்: பணியாள் செயல்முறை டோக்கனைத் திறக்கிறது, வெளிச் சேவையிடம் செல்லாததாக்கச் சொல்கிறது, ஆகிவிட்டது என்ற பதில் வந்த பிறகே வரிசையை அழிக்கிறது. பதில் வரவில்லையென்றால் வரிசை இருக்கட்டும், அடுத்த மணிநேரம் மீண்டும் முயலட்டும். ரேசர்பே சீக்ரெட், ஆப் பாஸ்வேர்டு போல நாமே செல்லாததாக்க முடியாதவற்றுக்கு, கணக்கை மூடும் பக்கத்திலேயே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்: உங்கள் ரேசர்பே கணக்கில் நுழைந்து, முடிவு இந்த நான்கு எழுத்துகளாக உள்ள கீயை மாற்றிவிடுங்கள் என்று.